ஸுலைஹா ராத்தாவின் இடம்

மெரினா அக்கா கண்ணை மூடினால் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் லாண்டரியில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான். பின்னேரத் தேநீர் முடிந்ததும் அவர் தென்னையில் சாய்ந்து உட்காருவார். கால் இரண்டையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டு நாளைய நாளைக் காணத் தொடங்குவார். அது நித்திரையுமில்லை, கனவுமில்லை. காலையில் வான் வண்டி வந்து மூட்டைகளை இறக்குவதிலிருந்து, மடித்த விரிப்புகளை ஏற்றிக்கொண்டு அது திரும்பிப் போவது வரைக்கும் ஒரு முழு நாளைக் கண்ணுக்குள் ஓட விடுவார். மெசினடியில் யார், கொடியடியில் யார், காற்று எந்தப் பக்கம், எந்த இடத்தில் ஆளில்லாமல் துணி குவிகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டே வருவார். பிறகு எழும்பிப் போய்ப் பலகையில் வெண்கட்டியால் பெயர்களை எழுதுவார்.

"நாளைக்கு என்ட வீட்டில என்ன கறி எண்டும் பாத்துச் சொல்லுங்களேன் அக்கா" என்று நான் ஒருமுறை பகிடி விட்டேன்.

"கறி தெரியல்ல. ஆனா நீ நாளைக்கும் பிந்தித்தான் வாறாய்" என்றார், கண்ணைத் திறக்காமலே. மறுநாள் நான் பிந்தித்தான் போனேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

என் பெயர் பிரான்சிஸ்கா. அயன் மேசை என்னுடையது. கடலுக்கும் கடலேரியான களப்புக்கும் நடுவில், பள்ளிவாசல்துறைக்குப் போகிற பாதையோரம் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் எங்கள் லாண்டரி இருக்கிறது. உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்துக் காற்றைத் தேடி வரத் தொடங்கினார்கள். பிறந்த நாளிலிருந்து நாங்கள் திட்டித் தீர்த்த காற்று அது. கூரையைப் பிடுங்கும், சோற்றில் மண்ணைப் போடும். அவர்களோ அதற்குக் காசு கொடுத்து வந்து, இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு களப்புத் தண்ணீரில் பலகையில் வழுக்கித் திரிந்தார்கள். விடுதிகளில் அவர்கள் படுக்கிற விரிப்புகளும் துடைக்கிற துவாய்களும் எங்களிடம் வந்தன. புத்தளம் டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஸலாஹுதீன் நானா இதைக் கண்டுபிடித்து, இரண்டு மெசின் வாங்கிப் போட்டு, எங்கள் ஐந்து பேரையும் வேலைக்கு எடுத்தார்.

துணி காயவைக்க மெசின் இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுத்தான் அந்த வேலையைச் செய்தது. கொடியில் போட்டு ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் விரிப்பு காய்ந்துவிடும். காய்ந்ததை உடனே எடுக்க ஆள் வேண்டும். எடுக்காவிட்டால் மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு களப்பைப் பார்க்கப் போய்விடும். களப்போரமாக இருந்த கடைசிக் கொடிதான் பொல்லாதது. அங்கே நின்றவர் சித்தி ஸுலைஹா. நாங்கள் ராத்தா என்போம்; நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. நெடிய ஆள், கை வலிமையான ஆள். வெள்ளை விரிப்புகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி நிற்கும்போது அவர் நடுவில் நிற்பார். முக்காடு ஒரு பக்கம், விரிப்பு ஒரு பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடமே நிலத்தைவிட்டுக் கொஞ்சம் மேலே மிதப்பதாகத் தெரியும். நான் அயன் பெட்டியைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்று எத்தனையோ தலையணை உறைகளைக் கருக்கியிருக்கிறேன்.

ஞாயிறு காலையில் நாங்கள் மூவரும், அதாவது மெரினா அக்காவும் றோசமேரியும் நானும், பூசைக்குப் போவோம். ஸுலைஹா ராத்தாவும் சின்னவள் நிஸ்ரினும் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போவார்கள். அப்போது நாங்கள் பார்த்துக்கொள்வோம். யாரும் உட்கார்ந்து பேசி எழுதிய ஒழுங்கில்லை இது. மெரினா அக்காவின் கண்ணுக்குள் அப்படித்தான் ஓடியது.

ஒரு கச்சான் தொடக்கத்தில் ஸுலைஹா ராத்தா தேநீர் நேரத்தில் சொன்னார். வீடு என்பது அவர் பேச்சில் ஊடு, சொல்ல என்பது செல்ல. "எங்கட முசலிக் காணியில ஊடு குடுக்கிறாங்களாம். ஆனா காணியில ஆள் இரிக்கணும். பாக்க வருவாங்க, எப்ப எண்டு செல்ல மாட்டாங்க. வார நேரம் ஆள் இல்லாட்டி ஊடு இல்ல."

சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, சின்னப் பிள்ளையாக, உம்மாவின் இடுப்பில் இருந்தபடி அந்தக் காணியைவிட்டு வந்தவர் அவர். ஆலங்குடா அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே பிள்ளைகளும் பெற்றார். முசலியில் வீடு இருந்த இடத்தில் இப்போது காடுதான் என்றார். இருந்தாலும் அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எவருக்கும் போக வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. பிள்ளைகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் புருசனோடு போகப் போகிறார். கச்சான் முடியத் திரும்பி வந்துவிடுவார். வந்தால் இந்த வேலை இருக்குமா என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பயம். அந்தக் காட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வழியும் கிடையாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கேதான்.

அடுத்த நாளே ஸலாஹுதீன் நானா வந்தார். நல்ல மனிசன். அவரும் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்தான். ராத்தா போவதற்கு மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேலை ஓட வேண்டுமே.

"ஆள் ஒண்டு கொறஞ்சா எப்புடி மெரினா? எங்கட ஊட்டாட தங்கச்சிட மகள் நுஸ்ரா சும்மாதான் இரிக்கிறா. நாளைக்கே அனுப்பவா?"

நுஸ்ரா, நானாவின் மனைவியின் தங்கச்சி மகள், நல்ல பிள்ளை. அதுதான் பயமே. முதலாளி வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழும்பு என்று யார் சொல்வது? நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"வேணாம் நானா. ராத்தா வாற வரைக்கும் நாங்க சமாளிப்பம்" என்றார் மெரினா அக்கா.

"ஏலுமா?"

"ஏலும்" என்றேன் நான், எல்லாரையும் முந்திக்கொண்டு. எனக்கு வாய் எப்போதும் கையைவிட வேகம்.

அன்று பின்னேரம் மெரினா அக்கா கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை. தேநீர்க் கோப்பையில் மணல் படிந்தது. களப்பில் பட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. திறந்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. "கடைசிக் கொடியில ஆளே இல்ல. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தன், எல்லாப் பெட்சீட்டும் தண்ணிக்குள்ள போகுது" என்றார். பிறகு ஒரு ஒழுங்கைச் சொன்னார். துணி போடுகிறவள் போட்டதும் ஓடிப்போய் முந்தினதை எடுக்க வேண்டும். மெசினடியில் நிற்கிறவள் தண்ணீர் நிரம்பும் நேரத்தில் கடைசிக் கொடிக்குப் போக வேண்டும். அயன்காரி, அதாவது நான், அயன் சூடேறும் நேரத்தில் மடிப்புக்கு வர வேண்டும். எவளும் எங்கேயும் நிற்கக் கூடாது.

அந்தக் காற்றுக் காலம் எனக்கு இப்போதும் ஒரு நீண்ட நாளாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. காலை எது, பின்னேரம் எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. வெள்ளை விரிப்புகளுக்குள் நுழைவோம், வெளியே வருவோம், எதிரில் நிஸ்ரின் வருவாள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் துணி மாறும். பேசுவதேயில்லை. தேவையில்லாமல் போய்விட்டது. நான் திரும்புவதற்கு முன் றோசமேரிக்கு நான் திரும்பப் போவது தெரிந்தது. சில வேளைகளில் கடைசிக் கொடியில் ஒரு விரிப்பு விலகும்போது அதன் பின்னால் ஸுலைஹா ராத்தா நிற்பதாகவே எனக்குத் தெரியும். நிஸ்ரினுக்கும் அப்படித் தெரிந்ததாம். அதைச் சொல்லிச் சிரித்தோம்.

நோன்பு வந்தது. நிஸ்ரின் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வெயிலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. மத்தியான வேலையை நாங்கள் பங்கு போட்டு, அவளை மெசின் கொட்டிலின் நிழலுக்குள் தள்ளிவிட்டோம். அதற்குப் பதிலாக அவள் ஞாயிறு காலைகளில் ஒற்றை ஆளாக நின்றாள். முதல் பூசைக்குப் போய்விட்டு, சுவாமியார் ஆசீர்வாதம் கொடுத்து முடிப்பதற்குள் நாங்கள் ஓடி வருவோம். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவும் வந்தது. நான் கைப்பிள்ளையாக இருந்த காலம் தொட்டு ஒரு வருசமும் விடாத திருவிழா. அந்த வருசம் போகவில்லை. திருவிழாவுக்கு வந்த சனத்தால் விடுதியெல்லாம் நிரம்பி, மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கியது. அன்னம்மாள் விளங்கிக்கொள்வாள் என்று மெரினா அக்கா சொன்னார். நான் விளங்கிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே அயன் பண்ணினேன்.

ஸுலைஹா ராத்தா நேரம் கிடைக்கும்போது போன் எடுப்பார். காணிக்கு நடுவில் தரப்பாள் கட்டி இருக்கிறாராம். பின்னேரத்தில் மயில்கள் வந்து புது வீட்டு அத்திவாரத்தில் ஏறி நிற்கின்றனவாம். வாப்பா தோண்டிய கிணறு மண் மூடிக் கிடந்ததைத் தோண்டினார்களாம், அதே தண்ணீர் வந்ததாம். "கொடியடிக்குக் கொண்டு போ புள்ள, சத்தம் கேக்கட்டும்" என்பார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிக் கொடிக்குப் போவேன். விரிப்புகள் படபடவென்று அடிக்கும் சத்தத்தை அவர் அங்கே காட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"வேலை எப்புடி? கஸ்டமா?"

"இல்ல ராத்தா, சமாளிக்கிறம். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் பேச்சில்லாமல் இருக்கும். சிக்னல் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

கச்சான் அடங்கி வருகிற நாளொன்றில் ஸலாஹுதீன் நானா பெரிய பெட்டி நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். எங்களைக் கூப்பிட்டு வரிசையாகக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

"ஒரு பெட்சீட் காணாமப் போகல்ல. ஒரு விடுதிக்காரனும் கொற செல்லல்ல. மாஷா அல்லாஹ்! நாலு பேரால இந்த வேலை செய்ய ஏலும் எண்டு எனக்கு இவ்வளவு காலமும் வெளங்கல்லியே மெரினா. அடுத்த சீசனுக்கும் நாலு பேரே போதும்."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். கையில் எடுத்த பேரீச்சம்பழத்தை நான் திரும்பப் பெட்டியில் வைத்தேன். றோசமேரி தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ வந்து இருந்துவிடுவார்களோ என்று பயந்து ஓர் இடத்தைக் காவல் காத்தோம். காவல் காத்த கையாலேயே அந்த இடத்தை இல்லாமல் ஆக்கியிருக்கிறோம். இப்படியான மடைச்சிகள் இந்தக் கரை நெடுகத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

"நானா, அது ராத்தாவுக்காகச் செஞ்சது" என்றார் மெரினா அக்கா.

"செஞ்சீங்கதானே?"

எனக்குப் பொறுக்கவில்லை. "திருவிழாவுக்குப் போகாமச் செஞ்சம் நானா! இவள் நோன்போட நிண்டு செஞ்சாள். றோசமேரிட முழங்கால் வீங்கிப் போய் இருக்கு, பாருங்க!" என்று கத்தினேன்.

அவர் றோசமேரியின் காலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "எனக்கிட்ட செல்லலியே புள்ள. ஏலும் ஏலும் எண்டுதானே சென்னீங்க" என்றார். ஏலும் என்று முதலில் சொன்னது யார் என்று அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு இருந்தது. புதிதாக ஒரு விடுதியின் வேலை வந்தால் ஐந்தாம் ஆளைப் பற்றிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்தக் கிழமையே ஸுலைஹா ராத்தா வந்துவிட்டார். எழுவன்குளம் பாதையால் வந்த பஸ் தூசி முழுக்க உடம்பில். கையில் ஒரு போத்தல் காட்டுத் தேன். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, கதவும் வைத்தாயிற்று, பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். புருசன் அங்கே கடலுக்குப் போகிறார், ராத்தா இங்கே பிள்ளைகளோடு. "நாளைக்கு என்ட பேர எழுதுங்க மெரினா" என்று சொல்லிக்கொண்டே முக்காட்டை உதறினார்.

மெரினா அக்கா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ஸுலைஹா ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"போன் எடுக்கிற நேரமெல்லாம் சமாளிக்கிறம் சமாளிக்கிறம் எண்டு சென்னீங்க. ஒருக்காவது ஏலல்ல எண்டு செல்லியிரிக்கலாம்."

"உங்களுக்காகத்தானே ராத்தா மாடா உழைச்சம்!" என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நன்றி இல்லாத பேச்சு என்று நினைத்தேன். அவர் தேன் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு நடந்தார். நான் அதைத் தொடவில்லை.

மெரினா அக்கா அன்றும் தென்னையில் சாய்ந்தார். மறுநாளும் சாய்ந்தார். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "இடம் நாலு. ஆள் அஞ்சு. ஒரு நாளைக்கு ஒராள் வீட்டில நிப்பம், மாறி மாறி" என்றார். நானாவுக்கு வேண்டியது ஒவ்வொரு நாளும் நாலு பேர்தான். அது யார் யார் என்பது எங்கள் பாடு.

நிஸ்ரின் உடனே ஓம் என்றாள். றோசமேரி முழங்காலைத் தடவிக்கொண்டு ஓம் என்றாள். நான் ஓம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் வேலை குறைவது எங்கள் வீட்டில் சின்ன விசயமில்லை. என் புருசன் ஜெயந்தனின் வள்ளம் கரையில் கிடந்தது, இன்ஜின் போய்விட்டது. அதோடு, பொய் சொல்வானேன், ராத்தாமேல் எனக்கிருந்த கோபமும் ஆறவில்லை. அவர்கள் மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வை தாங்க முடியாமல்தான் ஓம் என்றேன், அன்பால் இல்லை. ஸலாஹுதீன் நானாவும் ஒத்துக்கொண்டார். சந்தோசமாகவே ஒத்துக்கொண்டார், பாவம்.

எனக்கு வந்த முதல் வீட்டு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

"படு, இண்டைக்கு என்ன அவசரம்?" என்றான் ஜெயந்தன். படுத்தேன். காற்று மெல்லக் கூரையைத் தடவிக்கொண்டு போனது. கண்ணை மூடினால் மெசின் சுற்றுகிற சத்தம். எழும்பி முற்றம் கூட்டினேன். கூட்டிய முற்றத்தைத் திரும்பவும் கூட்டினேன். கறி ஆக்கினேன். பிறகு, கடைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். கடை ஒரு பக்கம் இருக்க, கால் மற்றப் பக்கம் போனது. அது என்னைக் கேட்டுப் போகவில்லை.

லாண்டரி வேலிக்கு வெளியே, ஓலைக் கிடுகு விலகிய இடத்தில் நின்று பார்த்தேன். வெயில் மங்கலாக, பால் கலந்ததாக இருந்தது. காற்று விழுந்துவிட்டதால் விரிப்புகள் ஆடாமல் தொங்கின. நிஸ்ரின் கடைசிக் கொடியில் நின்றாள். மெரினா அக்கா எதையோ பாடிக்கொண்டு மூட்டை அவிழ்த்தார். என் மேசையில் ஸுலைஹா ராத்தா நின்றார். அயன் பெட்டி அவர் கையில் சத்தமில்லாமல் போய் வந்தது. அடுக்கிய விரிப்புகளின் ஓரங்கள் நூல் பிடித்து வெட்டியது போல் இருந்தன. நான் ஒரு நாளும் அவ்வளவு வடிவாக அடுக்கியதில்லை.

யாராவது என் பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பிரான்சிஸ்கா இருந்தால் இந்நேரம் வாய் ஓய்ந்திருக்காது என்றாவது சொல்லலாமே. எவரும் சொல்லவில்லை. றோசமேரி என்னவோ சொன்னாள், நாலு பேரும் சிரித்தார்கள். வேலை அழகாக நடந்துகொண்டிருந்தது. எங்கேயும் துணி குவியவில்லை. நான் இல்லாததால் ஒன்றுமே குறையவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிந்தார்கள். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வீட்டுக்குப் போகவும் முடியவில்லை.

ஸுலைஹா ராத்தாதான் கண்டார். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேலியடிக்கு வந்தார்.

"என்ன புள்ள, ஊட்டுல இரிக்க ஏலல்லியா?"

"ஏலல்ல ராத்தா."

"எனக்கு அந்தக் காணியில இருந்த நாளெல்லாம் இப்படித்தான்" என்றார். குரலில் கோபமில்லை. "நீ போனைக் கொடியடிக்குக் கொண்டு போவாய். அந்தச் சத்தம் கேக்கும். நான் இல்லாமலும் அதே சத்தந்தான்."

அப்போதுதான் என் வாயில் அது வந்தது. முன்னமே, அவர் ஒவ்வொரு முறை கேட்டபோதும் வந்திருக்க வேண்டியது.

"ஏலல்ல ராத்தா. நீங்க இல்லாம ஒரு நாளும் ஏலல்ல. கையெல்லாம் விட்டுப் போச்சு. ஏலாம ஏலாமத்தான் செஞ்சம். ஒவ்வொரு நாளும் உங்களத் தேடினம்."

அவர் கண் நிறைந்துவிட்டது. வேலிக்கு மேலால் கையை நீட்டி என் தோளில் ஒன்று போட்டார், நல்ல பலமாகவே.

"இப்பதானா செல்ற?" என்றார்.

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவருக்கு வேலை இருந்தது.